வாளியும் ஒரு நிறம்தான்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குளியலறையைப் பற்றியவை. எல்லோருக்கும் கட்டடக்காரர் ஒரே நிறத்தில்தான் டைல்ஸ் ஒட்டிக் கொடுத்திருக்கிறார் போல. பிஸ்கட், சாம்பல், வெள்ளை. சரி, இந்த முறை முழுவதும் குளியலறைதான். சமையலறைக் கடிதம் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு ஓர் ஒழுங்கை தள்ளி, நான்காம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். குளியலறை ஐந்தடிக்கு ஏழடி. தரையிலும் சுவரிலும் பிஸ்கட் நிற டைல்ஸ், பேசினும் கொமட்டும் வெள்ளை. மேற்குப் பக்கம் சின்ன யன்னல் ஒன்று. உடைத்து மாற்றப் பணம் இல்லை. ஆனால் உள்ளே போனால் தனியார் ஆஸ்பத்திரி அறை மாதிரி இருக்கிறது. ஏதாவது ஒரு நிறம் சேர்க்க வேண்டும். எனக்கு மயில்கழுத்து விருப்பம். மாமி அரக்குச் சிவப்புத்தான் மங்களம் என்கிறா. இவர் கறுப்புக் குழாய் மாட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: மூன்று பேருமே நிறத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் மின்குமிழில் தொடங்குவேன். உங்கள் குளியலறைக் கூரையில் இருக்கிற எல்ஈடி குமிழின் பெட்டி வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 6500கே என்று போட்டிருக்கும். கொழும்பில் நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் அநேகமாக அதுதான். கடைக்காரர் ‘டேலைட்’ என்று சொல்லித் தருவார். நீலம் ஓடிய வெள்ளை வெளிச்சம். அதன் கீழே பிஸ்கட் நிறம் சாம்பல் அடித்துப்போகும், முகம் காய்ச்சல்காரர் முகமாகத் தெரியும். ஆஸ்பத்திரி உணர்வு வருவது பெரும்பாலும் அங்கேயிருந்துதான். இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். கூரையிலும் கண்ணாடிக்கு மேலேயும் 3000கே அல்லது 4000கே குமிழ் போடுங்கள், இரண்டு இடத்திலும் ஒரே எண். பெட்டியில் சீஆர்ஐ என்று இன்னோர் எண் இருந்தால் 90க்குக் குறையாமல் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. மலிவுக் குமிழ்களில் 80 தான் இருக்கும், அதில் முதலில் செத்துப்போவது சிவப்பு. மாமியின் அரக்குக்கும் இது பொருந்தும்.

குமிழை மாற்றிய பிறகு அந்த அறையை இரண்டு மூன்று நாள் சும்மா விட்டுப் பாருங்கள். நிறமே வேண்டாம் என்று தோன்றினாலும் ஆச்சரியம் இல்லை.

தோன்றாவிட்டால், அடுத்தது டைல்ஸின் அடிநிறம். பிஸ்கட் என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் மூன்று சாதி உண்டு. ஒன்றில் ரோஜா ஓடும், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் இலேசான பச்சை. வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. அச்சடிக்கிற வெள்ளை ஏ4 தாள் ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பகல் வெளிச்சத்தில், குமிழை அணைத்துவிட்டுப் பாருங்கள். தாளுக்குப் பக்கத்தில் டைல்ஸ் தன் குணத்தைக் காட்டிவிடும். ரோஜா ஓடினால் உங்கள் மயில்கழுத்து அதோடு மிக நன்றாகச் சேரும். மஞ்சள் ஓடினாலும் சேரும், ஆனால் நீலத்தைவிடப் பச்சை தூக்கலான மயில்கழுத்தாக எடுங்கள். பச்சை ஓடுகிற பிஸ்கட் என்றால் மயில்கழுத்து அதை இன்னும் சோகமாக்கும். அதற்குச் செங்கல் நிறமோ, பழுத்த மாம்பழ மஞ்சளோதான் உயிர் கொடுக்கும்.

இன்னொரு விஷயம், உங்கள் யன்னல் மேற்கே பார்க்கிறது. மதியம் வரை சாதாரண வெளிச்சம், மூன்று மணிக்குப் பிறகு கடல் பக்க வெயில் நேரே உள்ளே வரும். மயில்கழுத்து வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுகிற நிறம். பகலில் நீலமாக நிற்கும், மஞ்சள் குமிழின் கீழே பச்சையாகி இருண்டுபோகும். ஆகவே வாங்குமுன் வீட்டில் இருக்கிற மயில்கழுத்துச் சேலை ஒன்றைத் துவாய் மாட்டுகிற கம்பியில் மடித்துப் போட்டு, காலை ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை, இரவு குமிழோடு ஒரு தடவை பாருங்கள். மூன்றிலும் பிடித்தால் வாங்குங்கள்.

வெளிநாட்டு வீட்டு அலங்கார இதழ்களைப் பார்த்து ‘வடக்குப் பார்த்த அறை குளிர்ச்சி, அதற்குச் சூடான நிறம்’ என்று எழுதி அனுப்புகிற வாசகர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. அந்தக் கணக்கு ஐரோப்பாவுக்கு. கொழும்பு வட அகலாங்கு 7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. மே, ஜூனில் வெள்ளவத்தை வீட்டு வடக்கு யன்னலில் வெயில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம் ஊரில் பார்க்க வேண்டியது யன்னலுக்கு எதிரே இன்னொரு மாடிக் கட்டடம் நிற்கிறதா, அதன் சுவர் என்ன நிறம் என்பதைத்தான். பக்கத்துச் சுவர் பச்சை என்றால் உங்கள் குளியலறைக்குள்ளும் பச்சை வெளிச்சம்தான் வரும்.

இனி மாமியின் அரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பரிஸ் நகரத்தில், கோபெலின் என்ற அரச நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை வெளிறச் செய்கிறது என்று கண்டுபிடித்து, 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். நிறங்கள் பக்கத்து நிறத்தைத் தம் எதிர்த்திசைக்குத் தள்ளும் என்பது அதன் சாரம். சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மங்கிய நிறத்தில் இலேசாகப் பச்சை தட்டும். உங்கள் பிஸ்கட் சுவர் முழுக்க அரக்குத் துவாயும் அரக்குத் திரையும் தொங்கினால், சுவர் பாசி பிடித்த மாதிரித் தெரியத் தொடங்கும். கொழும்பு ஈரத்தில் உண்மையான பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டுவதே போதும், பொய்ப் பூஞ்சணம் எதற்கு? அதற்காக மாமியோடு செவ்ரோலைப் பற்றிப் பேசப் போகாதீர்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே போடுகிற கால்மிதியை நல்ல அரக்கில், அவவையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். மங்களம் வாசலில் இருக்கட்டும்.

கறுப்புக் குழாய்க்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் என்றால் நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன். சுண்ணக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம், காய்ந்த ஒவ்வொரு துளியும் கறுப்பில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கொழும்பு நகரத்துக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அந்தத் தொல்லை குறைவு. உங்களுக்கு இருக்கிற தொல்லை கடல். ரயில் பாதையைத் தாண்டினால் அலை, காற்றெல்லாம் உப்பு. மேல் வர்ணம் மட்டும் பூசிய மலிவுக் கறுப்புக் குழாயில் ஒரு கீறல் விழுந்தால், உப்பு அதற்குள்ளே புகுந்து வர்ணத்தைத் தூக்கிவிடும். பித்தளை உடம்பில் பீவிடி முறையில், அதாவது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்து, நிறம் ஏற்றியதாக இருந்தால் வாங்கலாம், ஆனால் விலை கூட. கொக்கி, துவாய்க் கம்பி எல்லாம் எவர்சில்வரில் வாங்குவதானால் 304 ரகத்தைவிட 316 ரகம் உப்புக்கு நின்று பிடிக்கும், அதில் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருக்கிறது. பழைய சோனகத் தெருக் கடைகளில் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், கடைக்காரர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார். அதுவும் நல்லதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வாளி என்ன நிறம்?

நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை. யார் நிறம் கேட்டுக் கூப்பிட்டாலும் முதலில் குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே இருக்கிற சாமான்களைத்தான் பார்ப்பேன். கிளிப்பச்சை வாளி, நீலக் கோப்பை, ரோஸ் நிற முக்காலி, செம்மஞ்சள் சவர்க்காரப் பெட்டி, ஐந்து நிறத்தில் ஷாம்புப் போத்தல்கள், குமிழ் வெளிச்சத்தில் மின்னுகிற கொமட் கழுவும் மருந்து. எடுப்பாக ஒரு நிறம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள், அங்கே ஏற்கனவே ஏழெட்டு நிறம் சத்தம் போட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு நடுவில் போய் மயில்கழுத்துத் துவாய் ஒன்றை மாட்டினால், ஒன்பதாவது நிறம் அவ்வளவுதான். ஆகவே வாளியையும் கோப்பையையும் வெள்ளையிலோ சாம்பலிலோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவற்றையே மயில்கழுத்தில் தேடுங்கள், கிடைத்தால் அதைவிட வடிவு வேறு இல்லை. ஷாம்பு, சவர்க்காரத் தூள், மருந்துப் போத்தல் எல்லாம் மூடிய அலுமாரிக்குள்ளோ ஒரு பிரம்புக் கூடைக்குள்ளோ போகட்டும். இந்த வேலைக்குப் பணம் அதிகம் வராது, மனம்தான் வேண்டும்.

அப்புறம் அளவு. அலங்காரக்காரர்கள் அறுபது, முப்பது, பத்து என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அறுபது பங்கு பின்னணி நிறம், முப்பது பங்கு துணை, பத்துப் பங்கு எடுப்பு. உங்களுக்குப் பிஸ்கட்டும் வெள்ளையும் ஏற்கனவே தொண்ணூறைப் பிடித்துவிட்டன. ஐந்தடிக்கு ஏழடி அறையில் மீதிப் பத்து என்பது இரண்டு பெரிய துவாய், யன்னல் விளிம்பில் ஒரு பூச்சாடி, கண்ணாடிச் சட்டம். அவ்வளவோடு நிறுத்துங்கள். கால்மிதி வேண்டுமென்றால் தரை நிறத்திலேயே எடுங்கள். இதில் எல்லோரும் மறக்கிற ஒன்று கண்ணாடி. பேசினுக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் எதிர்ச் சுவர் முழுதும் தெரியும். எதிர்ச் சுவரில் துவாய்க் கம்பி இருந்தால் ஒரு துவாய் இரண்டு துவாய்க்குச் சமம். கதவுக்குப் பின்னால் மாட்டிய பழைய நைற்றியும் அப்படித்தான்.

துவாயை வாங்கும்போது வீட்டுப் பழக்கத்தையும் யோசியுங்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுகிற வீடா, தலைக்கு டை அடிக்கிறவர் இருக்கிறாரா, முகத்துக்கு மஞ்சள் பூசுகிறவர் இருக்கிறாரா? மயில்கழுத்து எண்ணெயையும் டையையும் மறைத்துவிடும். பவுடரை மறைக்காது. புதுத் துவாயை முதல் இரண்டு தடவை தனியாகத் தோய்க்காவிட்டால், உங்கள் கணவரின் வெள்ளை பெனியனும் மயில்கழுத்தாகிவிடும்.

கேள்வி: எனக்கு 74 வயது, மனைவிக்கு 70. கொட்டாஞ்சேனையில் பழைய வீடு. குளியலறை முழுதும் வெளிர் சாம்பல் டைல்ஸாக மாற்றினோம். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது. கனடாவில் இருக்கிற மகன் ஒரு சுவரில் மட்டும் நீல மொசைக் ஒட்டச் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, மகன் சொல்வது படத்துக்கு அழகு. உங்கள் இருவருக்கும் நிறம் வேறொரு வேலை செய்ய வேண்டும். ‘எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான வரி. வெளிர் சுவருக்கு முன்னால் வெள்ளைக் கொமட், வெள்ளைப் பேசின், வெள்ளிக் கைபிடி. இரவு இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் எழுந்து போகிறவருக்கு எது எங்கே முடிகிறது என்று தெரியாது.

நிறம் பூச வேண்டிய இடங்கள் கைபிடி, கொமட் இருக்கை, படி இருந்தால் அதன் விளிம்பு. சுவரை விட்டுவிடுங்கள். பிரித்தானியாவில் கட்டடங்களுக்கான பிஎஸ் 8300 என்ற தரநிலை, அடுத்தடுத்த இரண்டு பரப்புகளின் ஒளி தெறிக்கும் அளவுக்கு இடையில் 30 புள்ளி வித்தியாசம் இருக்க வேண்டும் என்கிறது. முழுக் கறுப்புப் பூச்சியம், முழு வெள்ளை நூறு என்று வைத்த அளவு அது. சில பெயின்ட் அட்டைகளின் பின்பக்கம் எல்ஆர்வி என்று அந்த எண் இருக்கும். எண் இல்லாவிட்டால், பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் குளியலறையைப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொல்லுங்கள். கைபிடியும் சுவரும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தால் அந்த நிறம் உதவாது.

நீலத்தை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாகிக்கொண்டு வரும். அது நீல ஒளியை மறிக்கும். மகனுக்குப் பளிச்சென்று தெரிகிற நீலம் உங்களுக்குச் சாம்பலோடு சாம்பலாகத் தெரியலாம், கரு நீலம் கறுப்பாகவே தெரியும். செங்கல் சிவப்பு, ஆழ்ந்த செம்மஞ்சள் இந்த இரண்டும் சாம்பலுக்கு முன்னால் கடைசி வரை தனித்து நிற்கும். அந்த நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்த கைபிடி தேடிப் பாருங்கள். கைபிடியைச் செங்கல்லில் அல்லது கொங்கிரீட்டில் ஆணி இறுகப் பொருத்துவது நிறத்தைவிட முக்கியம், அதை மேசன்தான் செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுத் தம்பி வேண்டாம்.

தரையில் கரும் நிறக் கால்மிதி போடவே வேண்டாம். மங்கின பார்வைக்கு வெளிர் தரையில் கறுப்புத் திட்டு பள்ளம் மாதிரித் தெரியும், காலைத் தூக்கி வைக்கப்போய் விழுந்தவர்கள் உண்டு. தரை நிறத்திலேயே, அடியில் ரப்பர் வைத்தது ஒன்று போதும். மகனுக்கு மனவருத்தமாக இருந்தால், மொசைக்குக்குரிய பணத்தை நல்ல வெளிச்சத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரவில் ஆள் அசைந்தால் தானாக எரிகிற சின்ன விளக்கு ஒன்று படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கட்டும்.

கேள்வி: தெஹிவளையில் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறேன். வெள்ளைக் குளியலறை. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். டைல்ஸ் மேலே ஒட்டுகிற பூப்போட்ட ஸ்டிக்கர் நல்லதா, அக்கா?
– ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: தண்ணீர் படாத சுவரில் என்றால் பரவாயில்லை. ஷவர் பக்கம் ஒட்டினால் விளிம்பு எழும்பும், அதற்குப் பின்னால் ஈரம் போய்க் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். உரித்தால் பசை நிற்கும். முற்பணம் திரும்பி வரும்போது வீட்டுக்காரர் அதைப் பற்றித்தான் பேசுவார்.

தம்பி, உங்களுக்கு ஷவர் திரைதான் சுவர். இரண்டு பக்கமும் இறுகிப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்பி விற்கிறார்கள், ஆணி வேண்டாம். உள்ளே தண்ணீர் தடுக்கிற சாதாரண வெள்ளைத் திரை, வெளியே உங்களுக்குப் பிடித்த துணி. கெய்சர் வீதியில் துணிக்கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டுவித்து, ஓரம் அடித்து, மேலே வளையம் போடக் கொடுக்கலாம். காலி வீதியில் பெயார்ஃபுட் கடைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை. பார்பரா சன்சோனி தொடங்கிய கைத்தறி அங்கே இருக்கிறது. செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, அதற்குப் பக்கத்தில் கிளிப்பச்சை என்று நாம் பயந்து விலகுகிற சேர்க்கைகளை எந்த அகலத்தில் கோடு போட்டு இணக்கியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வெள்ளைக் குளியலறைக்கு அப்படியொரு துணி விழுந்தால் வேறு எதுவும் தேவையில்லை. துவாயை வெள்ளையிலேயே வையுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டுகிறோம். வெள்ளை டைல்ஸுக்கு நடுவில் வெள்ளைக்குப் பதிலாகக் கடும் பச்சை நிற கிறவுட் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு யோசனை.
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் டைல்ஸ் இடைவெளியை அடைக்கிற அந்தக் கிறவுட் கோடு ஒவ்வொன்றும் தெரியும். மேசனின் கை ஒரு மில்லிமீற்றர் ஆடியிருந்தாலும் பச்சை அதை ஊருக்குச் சொல்லும். உங்கள் மேசன் முன்பு செய்த குளியலறை ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது, சீமெந்துக் கிறவுட் நுண்துளை உள்ளது. அமிலம் கலந்த கொமட் மருந்தைத் தரையிலும் ஊற்றித் தேய்க்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அந்த அமிலம் சீமெந்தைத் தின்னும். கொஞ்ச காலத்தில் பச்சை திட்டுத் திட்டாக வெளிறும். சீமெந்துக்குப் பதில் பிசினால் ஆன எப்பொக்சி கிறவுட் போட்டால் இந்த இரண்டு தொல்லையும் குறையும், விலையும் கூலியும் கூடும், காய்வதற்குள் துடைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எனக்கென்றால், ஷவர் நிற்கிற ஒரு சுவரில் மட்டும் எப்பொக்சியில் பச்சை, மற்ற இடங்களில் வெளிர் சாம்பல். தரைக்கு வெள்ளைக் கிறவுட் மட்டும் வேண்டாம், அது வெள்ளையாக இருக்கப்போவது குடிபுகுகிற நாள்தான். மிஞ்சின டைல்ஸ் துண்டுகளைப் பலகையில் ஒட்டி, நிறத்தைப் பூசி, காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்த பின் இன்னொரு நிறம்.

கேள்வி: தங்க நிறக் குழாயும் வெள்ளி நிற ஷவரும் ஒரே குளியலறையில் இருக்கலாமா?
– ஒரு வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: இருக்கலாம். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இருக்க வேண்டும், பாதிக்குப் பாதி வேண்டாம். குறைவாக இருப்பது ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் தவறி மாட்டியதாகத் தெரியும், கண்ணாடிச் சட்டத்திலோ ஒரு கொக்கியிலோ இன்னொரு தடவை வரட்டும். இரண்டு வேறு கம்பெனிகளின் தங்கத்தை மட்டும் சேர்க்காதீர்கள். ஒன்று மஞ்சளாக இருக்கும், மற்றது செம்பு அடிக்கும். குழாய் வாங்கிய அன்றே கொக்கியையும் அதே கடையில் வாங்கிவிடுங்கள்.